வெளிநாட்டில் வேலை நேர்காணல்: திருநங்கை, திருநம்பித் தோழர்களுக்கு

புதிதாக வந்து வேலை தேடும் நம்மவர்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான்: "இன்டர்வியூவிலேயே சொல்லிவிடவா, வேண்டாமா?" திருநங்கையாக நான் சொல்வது: நேர்காணல் செய்பவர்களிடம் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் உங்களுக்கு இல்லை. மனசு விரும்பினால் சொல்லுங்கள். ஆனால் சான்றிதழ்களில் பெயர் மாறியிருக்கும் விஷயம் எச்.ஆரில் ஒருவருக்குத் தெரிந்தால் போதும், அதுவும் ஆஃபர் கைக்கு வந்த பிறகு.

முதலில் ரெஸ்யூமே. பயோடேட்டாவில் அப்பா பெயர், பாலினம், திருமணமானவரா, பிறந்த தேதி, போட்டோ என எல்லாவற்றையும் போட்டுப் பழகியிருப்போம். பிரிட்டன், கனடா, அமெரிக்கா, ஆஸ்திரேலியாவில் இது எதுவும் தேவையில்லை, எடுத்துவிடுங்கள். நீங்கள் அழைக்கப்பட விரும்பும் பெயரையே மேலே போடுங்கள். அப்புறம், வீடியோ நேர்காணலுக்கு முந்தைய நாள் ஸூம், டீம்ஸ் கணக்குகளைத் திறந்து பாருங்கள். எப்போதோ பதிவு செய்த பழைய பெயர் உங்கள் முகத்துக்குக் கீழே வந்து நிற்கும். மின்னஞ்சல் முகவரியிலும் லிங்க்ட்இன் இணைப்பு முகவரியிலும் அந்தப் பெயர் ஒளிந்திருக்கும்.

பலரும் தடுமாறுவது ஆவணங்களில்தான். பாஸ்போர்ட்டில் புதுப் பெயர், பட்டத்திலும் மார்க் ஷீட்டிலும் பழைய பெயர். பின்னணிச் சரிபார்ப்பு செய்யும் நிறுவனம் "முந்தைய பெயர்கள்" என்று கேட்கும்போது அந்தக் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். அவர்கள் பல்கலைக்கழகத்துக்கு எழுதுவார்கள், அங்கே "இப்படி ஒரு மாணவர் இல்லை" என்று பதில் வரும், பொய்ச் சான்றிதழ் என்ற சந்தேகம் உங்கள் மேல் விழும். அதற்கு முன்பே எச்.ஆருக்கு நாலு வரி எழுதுங்கள்: "என் பெயர் சட்டப்படி மாறியிருக்கிறது. பட்டச் சான்றிதழ் முந்தைய பெயரில் உள்ளது. அரசிதழ் அறிவிப்பை இணைத்துள்ளேன். இந்த விவரம் சரிபார்ப்புக்கு மட்டும் பயன்பட வேண்டும், குழுவில் யாருடனும் பகிர வேண்டாம்." காரணம் எழுத வேண்டியதில்லை.

பிரிட்டனின் இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் பள்ளி, மருத்துவமனை, முதியோர் பராமரிப்பு வேலைகளுக்கு டி.பி.எஸ். எனும் குற்றப் பின்னணிச் சரிபார்ப்பு உண்டு. அதில் திருநர்களுக்கென்று தனி வழி இருக்கிறது. விண்ணப்பிக்கும் முன் அவர்களுடைய 'சென்சிட்டிவ் அப்ளிகேஷன்ஸ்' குழுவைத் தொடர்புகொண்டால், பழைய பெயர் முதலாளியின் கண்ணில் படாமல் சரிபார்ப்பு முடியும். இது தெரியாமலேயே நல்ல வேலைகளுக்கு விண்ணப்பிக்காமல் விடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் என் கவலை.

பரிந்துரைக்குப் பெயர் கொடுக்கும் பழைய மேலாளரிடம் நீங்களே முன்கூட்டிப் பேசிவிடுங்கள். "இப்போது என் பெயர் இது, இப்படித்தான் குறிப்பிட வேண்டும்" என்று சொல்லுங்கள். அவர் தயங்கினால் வேறொருவரைத் தேடுங்கள். அரை மனதோடு வரும் பரிந்துரை வேண்டாம்.

இன்னொன்று நம் சமூகத்துக்கே உரியது. எதிரே உட்கார்ந்திருப்பவர் தமிழராக இருந்தால், நேர்காணல் முடிந்ததும் "எந்த ஊர்? அப்பா என்ன பண்றார்?" என்று பாசமாகவே ஆரம்பிப்பார். ஊர்ப் பெயரைச் சொல்லி, "வேலையைப் பற்றி இன்னும் ஒன்று கேட்கணும்" என்று பேச்சைத் திருப்புங்கள். குடும்ப விவரம் தர மறுப்பது மரியாதைக் குறைவு ஆகாது.

சட்டம் என்ன சொல்கிறது? பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டம் பாலின மாற்றத்தின் பேரில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. அறுவை சிகிச்சை முடிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை, வேலைக்கு விண்ணப்பிப்பவருக்கும் அது பொருந்தும். ஆஃபருக்கு முன் உடல்நலக் கேள்விகள் கேட்பதற்கும், சில விதிவிலக்குகள் தவிர, தடை உண்டு. 2025 ஏப்ரலில் அங்கே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகு பலர் பயந்துபோயிருக்கிறார்கள். அந்தச் சட்டத்தில் ஆண், பெண் என்பது உயிரியல் பாலினத்தையே குறிக்கும் என்றது தீர்ப்பு. பாலின மாற்றத்துக்கான பாதுகாப்பை அது எடுக்கவில்லை. கனடாவில் ஒன்டாரியோ மாகாணச் சட்டம் 2012லும் கூட்டாட்சிச் சட்டம் 2017லும் பாகுபாட்டுத் தடையில் பாலின அடையாளத்தைச் சேர்த்தன. ஆஸ்திரேலியாவில் 2013. அமெரிக்காவில், திருநர் என்பதற்காக வேலையில் பாகுபாடு காட்டக் கூடாது என்ற 2020ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களுக்குப் பொருந்தும்.

சிங்கப்பூர் போகிறவர்கள் கவனியுங்கள்: 2025ல் நிறைவேறிய பணியிட நியாயச் சட்டம் எதன் பேரில் பாகுபாடு கூடாது என்று சொல்லும் பட்டியலில் பாலின அடையாளம் இல்லை. வளைகுடாவிலும் இப்படிப்பட்ட பாதுகாப்பை எதிர்பார்க்க வேண்டாம். அங்கெல்லாம் எச்.ஆருக்கு எழுத்தில் எதையும் தருவதற்கு முன், அங்கேயே வேலை பார்க்கும் நம்மவர் ஒருவரிடம் கட்டாயம் பேசுங்கள்.

கேட்கக் கூடாததை யாராவது கேட்டுவிட்டால், "இந்த வேலைக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று சொல்ல முடியுமா?" என்று நிதானமாகக் கேளுங்கள். பெரும்பாலும் அதோடு நிறுத்திவிடுவார்கள். நிறுத்தாவிட்டாலும் அங்கே வாதாட வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் யார், எப்போது, என்ன வார்த்தையில் கேட்டார் என்று அன்றைக்கே எழுதி, உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்பிக்கொள்ளுங்கள். பிரிட்டனில் என்றால், பணியிடப் பிரச்சினைகளுக்கு ஆலோசனை தரும் ஏகாஸ் (Acas) அமைப்பின் உதவி எண்ணை அழைக்கலாம், ஆலோசனை இலவசம். புகாருக்குக் காலக்கெடு உண்டு, அதனால் அந்த வாரமே அழைத்துவிடுங்கள்.