பூட்ஸ் மினுக்கிய இரவுகள் பயிற்சியா, வீண் வேலையா?

நீசூன் 83:
போன வாரம் எங்கள் பழைய பிளட்டூன் ஆட்கள் ஆறு பேர் சந்தித்தோம். பேச்சு எங்கே போனாலும் கடைசியில் பூட்ஸுக்கே வந்து நின்றது. எனக்கு 1983இல் சிங்கப்பூரின் நீ சூன் முகாமில் தேசிய சேவைக்கான அடிப்படை ராணுவப் பயிற்சி. ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் பங்க்குக்கு, அதாவது நாங்கள் தூங்கும் அறைக்கு, வெளியே வராந்தாவில் வரிசையாக உட்காருவோம். கிவி டப்பா மூடியில் கொஞ்சம் தண்ணீர், விரலில் சுற்றிய பஞ்சு. பாலிஷைத் தொட்டுச் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்க்க வேண்டும். முதல் அரை மணி நேரம் மங்கலாகவே இருக்கும். கை வலிக்க ஆரம்பிக்கும் நேரத்தில் பூட்ஸ் முனையில் தலைக்கு மேலிருக்கும் குழல்விளக்கு தெரியும்.

என் பக்கத்துப் படுக்கைக்காரனுக்கு ஹொக்கியன் தவிர வேறு எதுவும் வராது. எனக்குத் தமிழும் கொஞ்சம் மலாயும். பஞ்சைக் கடன் கேட்டுக் கேட்டே இரண்டு மாதத்தில் அவனோடு பேசப் பழகிவிட்டேன். இன்றும் நண்பன். இந்தச் சில்லறை வேலைகள்தான் எங்களை ஆளாக்கின என்பது என் கருத்து. இப்போதைய சீருடைக்குக் கஞ்சியும் வேண்டாம், மடிப்பும் வேண்டாம். இன்றைய பிள்ளைகள் எதையோ இழந்துவிட்டார்கள் என்று தோன்றுகிறது. மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

தேக்கோங் 2011:
அண்ணே, உங்கள் நட்பை மதிக்கிறேன். ஆனால் அதைத் தந்தது பூட்ஸ் பாலிஷ் என்பதை ஏற்க முடியவில்லை. பதினெட்டு வயதுப் பையன்களை ஒரே அறையில் மாதக்கணக்கில் வைத்தால் என்ன வேலை கொடுத்தாலும் பேசிப் பழகத்தான் செய்வார்கள்.

எங்கள் காலத்தில் கஞ்சி போய்விட்டது, ஸ்டாண்ட்-பை பெட் என்ற படுக்கைச் சோதனை போகவில்லை. காலையில் சார்ஜென்ட் பார்க்க வருகிறார் என்றால் முந்தின இரவே விரிப்பை இழுத்துக் கட்டிவிட்டு எல்லோரும் தரையில் படுப்போம். படுத்தால் சுருக்கம் விழுமே! வெறும் சிமெண்டுத் தரையில், பையைத் தலைக்கு வைத்து. மறுநாள் முழுச் சுமையோடு நடக்க வேண்டியவர்களுக்கு அந்தத் தூக்கம் போதுமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பின்னால் நான் போன பிரிவில் ஒரு சனிக்கிழமை அலமாரி மேல் தூசி இருந்ததென்று எங்கள் அறைக்கே புக் அவுட், அதாவது வீட்டுக்குப் போகும் அனுமதி, ரத்து. அன்று மாலை என் தங்கைக்கு நிச்சயதார்த்தம். படங்களில் நான் இல்லை. தூசியைத் துடைக்க ஒரு நிமிடம் போதும், அதைத் துடைத்துவிட்டுப் போ என்று சொல்லியிருக்கலாம். வருடங்கள் போனதும் எல்லாம் இனிப்பாகத் தெரிகிறது. அப்போது அழுதவர்கள் இந்த மாதிரிச் சந்திப்புகளுக்கு வருவதில்லை, அண்ணே.

நீசூன் 83:
தம்பி, தங்கை நிச்சயதார்த்தத்துக்கு விடாதது அநியாயம். அதை நியாயப்படுத்த நான் வரவில்லை. ஆனால் தூசி ஒரு நிமிட வேலை என்கிறீர்களே, அதைப் பார்க்கும் கண் ஒரு நிமிடத்தில் வராது. துப்பாக்கிச் சுடும் பயிற்சி முடிந்த இரவை நினைத்துப் பாருங்கள். எங்களுக்கு எம்16. கழற்றி, குழலுக்குள் துணியைக் கோத்து இழுத்து, எண்ணெய் போட்டு, ஆர்ம்ஸ்கோட் என்ற ஆயுத அறையின் வாசலில் வரிசையில் நிற்போம். பாகங்களை விரலால் தடவிப் பார்ப்பார்கள். கரி ஒட்டினால் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். நான் மூன்று முறை போயிருக்கிறேன். பூட்ஸில் பழகிய பொறுமைதான் அங்கே கை கொடுத்தது.

ஏணிவண்டி:
நான் குடிமைத் தற்காப்புப் படையில் தேசிய சேவை செய்தவன், தீயணைப்பு நிலையத்தில். 24 மணி நேரம் வேலை, 48 மணி நேரம் ஓய்வு. காலையில் ஷிஃப்ட் மாறியதும் முதல் வேலை மூச்சுக் கருவியைச் சோதிப்பது. சிலிண்டர் அழுத்தம், முகமூடியின் ரப்பர், பட்டை, எச்சரிக்கை விசில். முந்தின ஷிஃப்ட் ஆள் பார்த்துவிட்டேன் என்று சொன்னாலும் நாம் மறுபடி பார்க்க வேண்டும். புகைக்குள் போகப்போவது நம் மூக்கு. ஒரு நாள் கூட அதை வீண் என்று நினைத்ததில்லை.

அதே நிலையத்தில் வாகனத்தின் சக்கர வளையத்தைப் பளபளக்கத் துடைக்கவும் சொல்வார்கள். அதை எல்லோரும் முனகிக்கொண்டே செய்வோம். துப்பாக்கிக்குள் கரி இருந்தால் அது சிக்கும், சரி. பூட்ஸில் விளக்கு தெரியாவிட்டால் என்ன ஆகும்? அண்ணன் இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டுகிறார் என்றுதான் எனக்குப் படுகிறது.

செம்பவாங் அக்கா:
நான் சேவைக்குப் போனதில்லை. எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் என் அண்ணன் தம்பிகள் இருவர் போனார்கள். சனிக்கிழமை மதியம் வீட்டுக்கு வந்ததும் பையைத் தலைகீழாகக் கொட்டுவார்கள். சேறு, வியர்வை, துப்பாக்கி எண்ணெய், எல்லாம் சேர்ந்த ஒரு நாற்றம். அம்மா ஊறவைத்து அடித்துத் துவைப்பார். கஞ்சி காய்ச்சுவது என் வேலை. சோளமாவைக் குளிர்ந்த தண்ணீரில் கரைத்த பிறகுதான் கொதிநீர் ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் கட்டி தட்டும். காய்ந்த சட்டை அட்டை மாதிரி தானாக நிற்கும். கையை நுழைத்தால் பர்ரென்று பிரியும் சத்தம் கேட்கும். கை மடிப்பு நான்கு விரல் அகலம், கூடவும் கூடாது, குறையவும் கூடாது. ஞாயிறு சாயங்காலம் அவர்கள் தூங்கும்போது நான் இஸ்திரி போட்டுக்கொண்டிருப்பேன்.

ஆகவே கஞ்சி போட்ட சட்டை உங்களை ஆளாக்கியது என்று சொல்லும்போது, எத்தனை பேர் வீட்டில் அந்தக் கஞ்சியை யார் காய்ச்சினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். முகாமில் தானே எல்லாம் செய்தவர்களும் இருப்பார்கள், இல்லை என்று சொல்லவில்லை.

நீசூன் 83:
அக்கா, எனக்கும் அக்காதான் தேய்த்துக் கொடுத்தார். நேற்று எழுதும்போது அது நினைவுக்கே வரவில்லை. வெட்கமாக இருக்கிறது.

கஞ்சியை விட்டுவிடுகிறேன். சக்கர வளையம் பற்றித் தம்பி சொன்னதற்கும் என்னிடம் நல்ல பதில் இல்லை. ஆனால் முறை வைத்துச் செய்ததையெல்லாம் விட்டுக்கொடுக்க மாட்டேன். சீனப் புத்தாண்டுக்குக் காவல் பணியை நாங்களும் மலாய் நண்பர்களும் கேட்டு வாங்கிக்கொள்வோம். தீபாவளி வந்தால் என் பெயர் பட்டியலில் இருக்காது. அந்த ஹொக்கியன் நண்பன் தன் பெயரை எழுதியிருப்பான். யாரும் உத்தரவு போடவில்லை. தினமும் ஒன்றாகக் கூட்டிப் பெருக்கி, ஒன்றாகத் திட்டு வாங்கியதால்தான் அது வந்தது. ‘செடியா’ என்ற மலாய் அணிவகுப்புக் கட்டளை எங்காவது கேட்டால் இன்னும் என் குதிகால்கள் தானாகச் சேர்கின்றன.

தேக்கோங் 2011:
அண்ணே, காவல் பணி மாற்றிக்கொள்வது எங்கள் காலத்திலும் இருந்தது. அதற்கு நானும் கை தூக்குகிறேன். தண்ணீர்ப் பரேடையும் குறை சொல்ல மாட்டேன். பாட்டில் முழுக்கக் குடித்துவிட்டுத் தலைக்கு மேல் கவிழ்த்துக் காட்டச் சொல்வார்கள், மீதி இருந்தால் நம் தலையிலேயே விழும். சிறுபிள்ளைத்தனமாகத் தெரியும், ஆனால் அந்த வெயிலில் சுருண்டு விழாமல் இருக்க அது தேவை. காரணத்தைச் சொன்னார்கள், செய்தோம்.

தரையில் படுத்த இரவுகளுக்குத்தான் இதுவரை யாரும் காரணம் சொல்லவில்லை. அடுத்த மாதம் என் சித்தி மகன் அடிப்படைப் பயிற்சிக்குத் தேக்கோங் தீவுக்குப் போகிறான். அவனிடம் பூட்ஸைப் பற்றி எதுவும் சொல்லப்போவதில்லை. காய்ந்த சாக்ஸ் இரண்டு ஜோடியை ஜிப்லாக் பையில் போட்டு, பை மழையில் நனைந்தாலும் கை எட்டும் இடத்தில் வை என்று சொல்லியிருக்கிறேன். பவுடர் டப்பாவும் வாங்கிக் கொடுத்துவிட்டேன்.