ட்ரஃபிள் கேக் வீட்டில் செய்தால் எவ்வளவு ஆகிறது? உங்கள் கணக்கையும் சொல்லுங்கள்

தர்மபுரியிலிருந்து:

மகள் பிறந்தநாளுக்கு ஒரு கிலோ சாக்லேட் ட்ரஃபிள் கேக் நான்கு ரோடு பக்கம் விசாரித்தேன். 850 ரூபாய் என்றார்கள். வீட்டில் செய்தால் பாதிதான் ஆகும் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஓர் எண்ணம். சரி, ஆகட்டும் என்று இந்த முறை பில்லையெல்லாம் எடுத்து வைத்துக் கணக்குப் போட்டேன்.

கூவர்ச்சர் (கோகோ பட்டர் நிறைந்த அசல் சாக்லேட்) டார்க் சாக்லேட் 400 கிராம் 620 ரூபாய். வெண்ணெய் 200 கிராம் 116, கோகோ பவுடர் சின்ன டப்பா 190, ஃப்ரெஷ் கிரீம் 250 மில்லி 68, வெனிலா எசென்ஸ் 40, நாலு முட்டை 26, மைதாவும் சர்க்கரையும் சேர்த்து 22, அட்டையும் பெட்டியும் 35. ஆக மொத்தம் 1,117. பேக்கரிக்காரரிடமே வாங்கியிருந்தால் ஐஸ்கிரீமுக்கும் காசு மிஞ்சியிருக்கும் என்றார் வீட்டுக்காரர்.

ஆனால் அத்தனையும் கேக்குக்குள் போகவில்லை. சாக்லேட்டில் 250 கிராம், வெண்ணெயில் 150, கோகோவில் 40 கிராம்தான் செலவானது. போட்ட அளவுக்கு மட்டும் விலை பார்த்தால் 690 ரூபாய்க்குள் அடங்கிவிடுகிறது. மீதி அலமாரியில் பத்திரமாக இருக்கிறது என்று எழுதத்தான் ஆசை. சாக்லேட்டை எங்கே ஒளித்தாலும் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடுகிறது.

இதில் நம் தேவைக்கு எண்ணி வாங்க முடிவது முட்டை மட்டும்தான். அதுவும் நாமக்கல் பக்கத்திலேயே இருப்பதால் பேப்பரைப் பார்த்தாலே விலை தெரிந்துவிடும். மற்றதெல்லாம் கம்பெனி போடுகிற பாக்கெட் அளவுதான். அதனால் முதல் கேக் கையைக் கடிக்கும். அதே மாதத்தில் இன்னொன்று செய்தால்தான் மலிவு தெரியும். வருஷத்துக்கு ஒரு கேக் போடுகிறவர்கள் கடையில் வாங்குவதே மேல் என்பது என் கட்சி. மற்றவர்கள் சொல்லுங்கள்.

கிருஷ்ணகிரியிலிருந்து:

அக்கா, நீங்கள் கூவர்ச்சர் போட்டுவிட்டு 850 ரூபாய் கேக்கோடு ஒப்பிட்டால் எப்படி? அந்த விலைக்கு வருவது பெரும்பாலும் காம்பவுண்டு சாக்லேட்டில் செய்தது. அதில் கோகோ பட்டருக்குப் பதில் தாவரக் கொழுப்பு இருக்கும். நான் ஆர்டருக்கும் செய்து கொடுப்பதால் இரண்டையும் கையாண்டிருக்கிறேன். காம்பவுண்டு 500 கிராம் எனக்கு 220 ரூபாய்க்குக் கிடைக்கிறது. உங்கள் சாக்லேட் விலையில் பாதிகூட இல்லை. நம் ஊர் சித்திரை வெயிலுக்குச் சீக்கிரம் இளகாது, உருக்கி ஊற்றினால் தானாக இறுகிவிடும். வாயில் வைத்தால் மட்டும் வித்தியாசம் தெரியும். மேலண்ணத்தில் மெழுகுபோல ஒட்டும். கூவர்ச்சர் நாக்கில் பட்டதுமே கரைந்து போகும், ஏனென்றால் கோகோ பட்டர் நம் உடம்புச் சூட்டிலேயே உருகிவிடும்.

எனக்குச் செலவு வைப்பது சாக்லேட் இல்லை, விப்பிங் கிரீம். நான் வாங்குகிற வகை உறைந்த நிலையில்தான் வரும். ஓசூரில் வாங்கி தெர்மாகோல் பெட்டியில் ஐஸோடு வைத்து பஸ்ஸில் கொண்டுவர வேண்டும். கரைந்ததை மறுபடி உறைய வைத்தால் சரியாக நுரைத்து வராது. ஒரு கிலோ பாக்கெட்டில் ஒரு கேக்குக்குப் பாதிகூடப் போகாது, மீதியை ஃப்ரிட்ஜில் வைத்துக்கொண்டு அடுத்த ஆர்டர் எப்போது வரும் என்று போனையே பார்த்துக்கொண்டிருப்பேன். நீங்கள் கனாஷ் (கிரீமில் சாக்லேட்டை உருக்கிய கலவை) மட்டும் ஊற்றியதால் சாதாரண ஃப்ரெஷ் கிரீமிலேயே முடித்துவிட்டீர்கள். அது புத்திசாலித்தனம்.

பாலக்கோட்டிலிருந்து:

கரண்டை யாரும் கணக்கில் சேர்க்கவில்லையே! 1,500 வாட்ஸ் ஓவன் ஒரு மணி நேரம் விடாமல் ஓடினால் ஒன்றரை யூனிட். கேக் ஒன்றுக்குப் பார்த்தால் பெரிய காசு இல்லைதான். ஆனால் வெயில் காலத்தில் ஏசியோடு சேர்ந்து இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால், கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் சேர்த்து விலை ஏறிவிடும். ரீடிங் எடுக்கிற தேதி நெருங்கினால் நான் ஓவனைத் தொடுவதில்லை. குக்கரில் கேஸ்கட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, அடியில் உப்பைப் பரப்பிச் சுடுவேன். நன்றாகவே வருகிறது.

ஓசூரிலிருந்து:

சாக்லேட் ஏன் இந்த விலை என்று யோசிக்கிறவர்களுக்கு: உலகத்துக் கோகோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட், கானா இரண்டு நாடுகளிலிருந்துதான் வருகிறது. அங்கே மழையும் மரநோயும் விளைச்சலைக் கெடுத்ததில் 2024 டிசம்பரில் டன் 12,000 டாலரைத் தாண்டியது. அப்புறம் இறங்கியது. 2025 செப்டம்பர் 22 முதல் சாக்லேட்டுக்கு ஜிஎஸ்டியும் 18 சதவீதத்திலிருந்து 5 ஆனது. வெண்ணெய்க்கும் 12-லிருந்து 5. அதனால் பழைய பில்லை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

பெங்களூரு பக்கம் என்பதால் எங்களுக்கு 2.5 கிலோ கூவர்ச்சர் பை கிடைக்கிறது. நான், எதிர்வீட்டு அக்கா, என் நாத்தனார் மூவரும் பிரித்துக்கொள்கிறோம். கிராம் கணக்கில் சின்னக் கட்டியைவிட நிச்சயம் குறைவு.

அரூரிலிருந்து:

கூலி யார் போடுவது? மாவு கலக்கி, சுட்டு, ஆறவைத்து, கனாஷ் ஊற்றி, பாத்திரம் தேய்த்து முடிக்க ஒரு பகல் போய்விடுகிறது. கேட்டால் "ஆசைக்குத்தானே செய்தாய்" என்கிறார் மாமியார். ஆனால் கடைசித் துண்டு யாருக்கு என்று வரும்போது அவர்தான் முன்னால் நிற்பார்.

தர்மபுரியிலிருந்து:

கிருஷ்ணகிரித் தங்கை சொன்னதும் நியாயம்தான். அடுத்த முறை உள்ளே போகிற கேக்குக்குக் கோகோ பவுடரே போதும், மேலே ஊற்றுகிற கனாஷுக்கு மட்டும் கூவர்ச்சர், அளவையும் 150 கிராமாகக் குறைத்துப் பார்க்கிறேன். ஓசூர்க்காரரே, அடுத்த பை வாங்கும்போது அரைக் கிலோ எனக்கும் எடுத்து வையுங்கள். சாயங்கால பஸ்ஸில் யாராவது வந்தால் கொடுத்தனுப்புங்கள், மதிய வெயிலில் வேண்டாம்.