மறுபடி தெப்பக்குளத்துப் பக்கம் போவது எப்படி?

தெப்பக்குளத்துக்காரி, மதுரை

எனக்கு வயது 43. உயரம் 5 அடி 1 அங்குலம். இன்று காலை எடை 88 கிலோ. அந்த எண்ணை மட்டும் இரண்டு முறை அழித்துவிட்டுத் திரும்ப எழுதினேன்.

2022 தை மாதம் நான் 84 கிலோ. வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கத் தொடங்கினேன். ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடவே வரும். முதல் வாரம் அந்த ஒரு சுற்றுக்கே மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. கார்த்திகை வந்தபோது தினமும் ஐந்து சுற்று, எடை 66. பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ராத்திரிச் சோற்றை விட்டேன், காபியில் சர்க்கரையை விட்டேன், நடந்தேன், அவ்வளவுதான்.

அந்தத் தீபாவளிக்கு முன்னால் என் ஜாக்கெட்டுகளை எல்லாம் பிடித்துத் தைக்கக் கொடுத்தேன். தைக்கிற அக்கா, "உள்ளே துணி விட்டுத்தான் பிடிச்சிருக்கேன், நாளைக்கு வேணும்னா பிரிச்சுக்கலாம்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. "வெட்டி எடுத்துடுங்க அக்கா, இனிமே தேவைப்படாது" என்றேன். அவர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார், பிறகு கத்தரியை எடுத்தார். போன மாதம் தங்கை மகள் காதுகுத்துக்கு அதே ஜாக்கெட்டுகளைத் தூக்கிக்கொண்டு போனேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. உட்பக்கத்தைத் திருப்பி, தையல் ஓரத்தை விரலால் தடவிக் காட்டினார். பிரிக்க ஒரு நூல் அகலம்கூட இல்லை.

நடுவில் நடந்தது இதுதான். 2023 பங்குனியில் அம்மாவுக்குப் பக்கவாதம், வலது பக்கம். ஒன்றேகால் வருடம் நான்தான் கூட. அவர் பாதி குடித்து வைத்த கஞ்சியை நான் குடிப்பேன். வீணாகக்கூடாது என்று பிரட்டைக் காபியில் நனைத்துத் தின்பேன். ராத்திரி 11 மணிக்கு அம்மா தூங்கியதும் தெருமுனைக் கடையில் பரோட்டா. மதுரையில் அந்த நேரத்துக்கு எதுதான் கிடைக்காது! அன்றைக்கு முழுக்க எனக்கென்று இருந்த ஒரே சுகம் அந்தச் சால்னாதான், பொய் சொல்வானேன். தூக்கம் மூன்று நான்கு மணி நேரம். இப்போது அம்மா ஊன்றுகோலோடு வாசல் வரை நடக்கிறார். அவர் தேறிவிட்டார், நான் தேறவில்லை.

டயட் சொல்லுங்கள் என்று கேட்க வரவில்லை. என்ன செய்ய வேண்டும் என்பது எனக்குத் தெரியும், ஒரு முறை செய்தவள்தானே. அந்தக் குளக்கரையில் என்னைத் தெரிந்தவர்கள் இருபது பேராவது இருப்பார்கள். "எப்படிம்மா இளைச்ச?" என்று கேட்டு, என் பேச்சைக் கேட்டு நடக்க வந்தவர்களும் அதில் உண்டு. இப்போது வேலைக்குப் போகும்போது தெப்பக்குளம் வழி பக்கமாக இருந்தும், அனுப்பானடிப் பக்கம் சுற்றிப் போகிறேன். முதல் தடவை தொடங்கியபோது நான் யாரோ. இப்போது அப்படி இல்லையே. இந்த வெட்கத்தைக் கடந்து மறுபடி தொடங்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

---

பேலியோ பாண்டி, திருநெல்வேலி

அக்கா, நடை எல்லாம் வேலைக்கு ஆகாது. நாளைக்கே அரிசி, கோதுமை, சர்க்கரை மூன்றையும் நிறுத்துங்கள். காலையில் வெண்ணெய் டீ, மதியம் முட்டை, ராத்திரி கறி. நான் நாலு மாதத்தில் 17 கிலோ குறைத்தேன். வெட்கமாவது ஒன்றாவது, இளைத்துக் காட்டினால் எல்லாரும் வாயை மூடுவார்கள்.

---

மஞ்சள் மண்டி, ஈரோடு

அம்மணி, வணக்கமுங்க. எனக்கு வயசு 52. குறைத்தது மூன்று முறை, ஏறியது இரண்டு முறை. மூன்றாவது தடவை ஏறாமல் இருக்க இப்போது நாலு வருடமாகப் பாடுபடுகிறேன், அதனால் எழுதுகிறேன்.

தம்பி பாண்டி கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்த வெண்ணெய் டீயில் நானும் 14 கிலோ குறைத்தேன். மச்சினன் கல்யாணத்தில் ஒரு கரண்டி சாம்பார் சாதம் சாப்பிட்டேன், அன்றைக்கு உடைந்த அணை ஒரு வருடம் ஓடியது.

எனக்கு எடை மெஷினைவிட அரைஞாண் கயிறுதான் கணக்குப்பிள்ளை. இரண்டாவது முறை ஏறியபோது வேட்டி கட்டினால் கயிறு சதையில் பதிந்து கோடு விழும். வீட்டுக்காரி பார்க்கக் கூடாதென்று நானே முடிச்சை அவிழ்த்து, நுனியில் மீதியிருந்ததை விட்டுக் கட்டினேன். அப்புறம் மீதியும் தீர்ந்தது. புதுக் கயிறு வாங்கக் கோவில் வாசலில் நின்றபோது கடைக்காரப் பையன் "பெரிய சைஸா?" என்று சத்தமாகக் கேட்டான் பாருங்க, உங்கள் ஜாக்கெட் கதை படித்ததும் அதுதான் ஞாபகம் வந்தது.

திரும்பத் தொடங்கியபோது நான் செய்த தப்பை மட்டும் சொல்கிறேன். விட்ட இடத்தில் பிடிக்கப் பார்த்தேன். பழைய கணக்கு ஒரு மணி நேரம், அதனால் முதல் நாளே வ.உ.சி. பூங்காவில் ஒரு மணி நேரம், அதுவும் ரப்பர் செருப்போடு. நாலாம் நாள் காலையில் கட்டிலை விட்டு இறங்கிக் காலை ஊன்றினால் குதிகாலில் ஆணி அடித்த மாதிரி. மூன்று வாரம் படுக்கை. நினைப்புக்கு ஐந்து சுற்றுப் பழக்கம் இருக்கும், காலுக்கு இருக்காதுங்க. ஒரு சுற்றில் தொடங்குங்கள். நல்ல ஷூ வாங்கிக்கொள்ளுங்கள்.

வெட்கத்துக்கு என்னிடம் மருந்து இல்லை. நான் ஆறு மாதம் வேறு பூங்காவுக்குப் போனேன், அவ்வளவு வீராதி வீரன்.

---

நைட் டியூட்டி, திருச்சி

அக்கா, நான் 16 வருடமாக நர்ஸ். இப்போது வீடு வீடாகப் போய்ச் சர்க்கரை, பிரஷர் பார்க்கும் மக்களைத் தேடி மருத்துவத்தில் இருக்கிறேன்.

முதலில் ஒன்று. எடை திரும்ப ஏறியது நீங்கள் ஒழுக்கம் கெட்டதால் இல்லை. நிறைய எடை குறைந்தவர்களின் உடம்பில் பசியைத் தூண்டும் ஹார்மோன் கூடுகிறது, போதும் என்று சொல்லும் ஹார்மோன் குறைகிறது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தாலும் அது பழைய நிலைக்கு முழுதாகத் திரும்புவதில்லை. அதன் மேல் தூக்கமும் கெட்டால் பசி இன்னும் கூடும். நீங்கள் அந்த நிலையில் ஒன்றேகால் வருடம் நோயாளி பார்த்திருக்கிறீர்கள். வார்டில் நோயாளி தேறி வீட்டுக்குப் போவார், கூட இருந்த மகள் அடுத்த வருடம் சர்க்கரையோடு வருவார். எத்தனை பேரைப் பார்த்துவிட்டேன்.

நடப்பதற்கு முன் தைராய்டுக்கான டிஎஸ்ஹெச், மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி, இந்த இரண்டு ரத்தப் பரிசோதனையும் பாருங்கள், பிரஷரும். தைராய்டு குறைவாக இருந்தால் எவ்வளவு நடந்தாலும் அலுப்புதான் மிஞ்சும். ஹெச்பிஏ1சி 5.7க்கும் 6.4க்கும் நடுவில் இருந்தால் அது எல்லைக்கோடு, 6.5 தொட்டால் சர்க்கரை நோய். ஏற்கெனவே சர்க்கரை மாத்திரை எடுப்பவராக இருந்தால் பாண்டி சொன்ன மாதிரி திடீரென்று சோற்றை நிறுத்தாதீர்கள். சில மாத்திரைகளில் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி மயக்கம் வரும். டாக்டரிடம் கேட்டு அளவை மாற்றிய பிறகுதான் எதுவும்.

66ஐ இப்போதைக்கு மறந்துவிடுங்கள். 88ல் நூற்றுக்கு 5 என்றால் 4.4 கிலோ. அந்த அளவு குறைந்தாலே சர்க்கரையிலும் பிரஷரிலும் வித்தியாசம் தெரியும். முழங்காலுக்கு இன்னும் லாபம். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் மூட்டில் ஏறும் பாரம் சுமார் 4 கிலோ குறைகிறது. இன்னொன்று, எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு எல்லைக்கோட்டில் இருந்த 531 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2006ல் வெளியானது. உணவையும் நடையையும் சரிசெய்தவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. அவர்கள் எடை ஒன்றும் பெரிதாகக் குறையவில்லை! மெஷின் முள் அசையாவிட்டாலும் உள்ளே வேலை நடக்கும் என்று எங்கள் ஏரியா அக்காக்களிடம் இதைத்தான் சொல்வேன்.

அம்மாவின் மீதிக் கஞ்சியைக் கொட்டுங்கள். பாவம் இல்லை. குறைவாகக் காய்ச்சினால் மீதியே வராது.

---

பேலியோ பாண்டி, திருநெல்வேலி

நர்ஸ் அக்கா சொன்னது சரிதான், மாத்திரை விஷயம் எனக்குத் தோன்றவில்லை. என் 17 கிலோவில் 6 திரும்ப வந்துவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

---

தெப்பக்குளத்துக்காரி, மதுரை

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். நர்ஸ் தங்கச்சி, தைராய்டு சரியாக இருக்கிறது. ஹெச்பிஏ1சி 6.1. ரிப்போர்ட்டைப் பார்த்து அழுகை வந்தது, அப்புறம் 6.5 இல்லையே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். கஞ்சியை அரை டம்ளர் குறைத்துக் காய்ச்சுகிறேன். முதல் நாள் அம்மா "நீ குடிக்கலையா?" என்று கேட்டார். மீதியை எனக்காகத்தான் வைத்திருந்தாராம், இத்தனை நாளும். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

மண்டி அண்ணா, உங்களைப் போல வேறு பூங்காதான் போகலாமென்று பார்த்தேன். பக்கத்தில் எதுவும் இல்லை. ஞாயிறு விடியற்காலை 5 மணிக்கு, இருட்டோடு இருட்டாகப் போய்விடலாமென்று கிளம்பினேன். மாரியம்மன் கோவில் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்தபடி நடந்தேன். நேர் எதிர்க்கரைக்கு வந்தபோது பழைய கோஷ்டி அக்கா ஒருவர் எதிரில் வந்து, "அடையாளமே தெரியலையே! என்னாச்சு, மறுபடி இப்படிப் போட்டுட்ட?" என்றார். சத்தமாகத்தான். இரண்டு வருடமாக எதற்குப் பயந்தேனோ, அட்சரம் பிசகாமல் அதே வார்த்தை. "அம்மாவுக்கு முடியாமப் போச்சுக்கா" என்றேன். அவர் ஐயையோ என்று கையைப் பிடித்துக்கொண்டு, தன் மாமியார் கதையை ஐந்து நிமிடம் சொன்னார்.

அவர் போனதும் காது சூடாகிவிட்டது. திரும்பி வீட்டுக்கு ஓடிவிடலாமென்று வண்டி இருக்கும் பக்கத்தைப் பார்த்தேன். நான் நின்றது சரியாகப் பாதிச் சுற்று. வந்த வழியே திரும்பினாலும் அதே தூரம், நேரே போனாலும் அதே தூரம். நேரே நடந்தேன்.

ஒரு சுற்றுதான். அதற்கு 24 நிமிடம் ஆனது, முன்பு 12. வண்டிக்குப் பக்கத்தில் பழைய ஜூஸ்காரர் அதே வாளி, அதே வடிகட்டியோடு நின்றிருந்தார். நான் வாய் திறப்பதற்குள் வாழைத்தண்டுச் சாற்றை ஊற்றி, "உப்பு இல்லாமத்தானே?" என்று டம்ளரை நீட்டினார். 15 ரூபாயாக இருந்தது 20 ஆகியிருக்கிறது.