நுண்கடன் பிரச்சினையைச் சர்வமதக் குழுவில் எடுக்க வைப்பது எப்படி? (மட்டக்களப்பு)

ஆற்றங்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் மட்டக்களப்பு மாவட்டத்தில் ஒரு மாதர் சங்கத்தில் வேலை செய்கிறேன். எங்களுடையது தமிழ்க் கிராமம், ஒரு ஒழுங்கை தாண்டினால் முஸ்லிம் கிராமம், கொஞ்சம் தள்ளி மெதடிஸ்த தேவாலயம். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு இரண்டு பக்கமும் போக்குவரத்து நின்று போய், அப்புறம் மெல்ல மெல்ல ஒரு சர்வமதக் குழு தொடங்கினார்கள். ஐயர், மௌலவி, போதகர் எல்லோரும் நல்ல மனிதர்கள்தான். ஆனால் கூட்டம் என்றால் வரவேற்புரை, ஆளுக்கு ஒரு பேச்சு, தேத்தண்ணி, ரோல்ஸ், படம். அவ்வளவுதான்.

என் பிரச்சினை நுண்கடன். செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டு விறாந்தையில் பாய் விரித்து எட்டுப் பெண்கள் இருப்பார்கள். அறவிட வரும் தம்பி ஹெல்மெட்டைக்கூடக் கீழே வைக்காமல் மடியில் வைத்துக்கொண்டு புத்தகத்தில் எழுதுவார். ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற ஏழு பேரும் சேர்ந்து போட வேண்டும், அதுவரை யாரும் எழும்ப முடியாது. போன மாதம் ஒருநாள் இரண்டரை மணி ஆகிவிட்டது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து படலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த நாள் சந்தையில் ஒரு முஸ்லிம் அக்காவின் பையில் அதே பச்சைப் புத்தகத்தைக் கண்டேன். அதே தம்பிதான், பின்னேரம் அந்தப் பக்கம் போகிறார்.

சர்வமதக் குழுவில் இதைக் கேட்டேன். "அது பொருளாதார விடயம், மதத் தலைவர்கள் தலையிட்டால் சரி வராது" என்றார்கள். யாரை முதலில் பிடிக்க வேண்டும், எப்படிக் கதைக்க வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

காத்தநகர் எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம் தங்கச்சி.

மௌலவியிடம் "பொருளாதாரம்" என்று சொல்லாதீர்கள், வட்டி என்று சொல்லுங்கள். வட்டி ஹராம் என்பது எங்களில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், அது என் வேலை இல்லை என்று அவரால் சொல்ல முடியாது. ஆனால் குத்பாவில் (வெள்ளிக்கிழமைப் பிரசங்கத்தில்) வட்டி ஹராம் என்று மட்டும் சொல்லி இறங்கினால் கடன் எடுத்த பெண் இன்னும் பயந்து ஒளிப்பாள். அதனால் ஸகாத் (எங்கள் கட்டாய தர்மம்) பற்றியும் கேளுங்கள். ஸகாத் பெறத் தகுதியானவர்கள் என்று குர்ஆன் எண்ணிச் சொல்லும் எட்டு வகையினரில் கடன்பட்டவரும் ஒருவர். பள்ளிவாசல் நிர்வாகத்திடம் இந்த ஒரு கேள்வியோடு போனால் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

இன்னொன்று, உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு காத்தான்குடி என்று எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லவே கூச்சமாக இருந்த காலம் அது. சீயோன் தேவாலயத்தில் செத்த பிள்ளைகளை நினைத்து நாங்களும் அழுதோம், ஆனால் யாரிடம் போய் அதைச் சொல்வது என்று தெரியவில்லை. அதன் பிறகு 2020இல் கொரோனாவில் இறந்த எங்கள் மையித்துகளை (உடல்களை) அடக்க விடாமல் எரித்தார்கள். டிசம்பரில் இருபது நாள் குழந்தையை எரித்தபோது கொழும்பு பொரளை கனத்தை மயான வேலியில் சிங்களவர், தமிழர் எல்லோரும் வெள்ளைத் துணி கட்டினார்கள். 2021 பெப்ரவரி 3ஆம் திகதி பொத்துவிலில் தொடங்கிப் பொலிகண்டி வரை தமிழ் ஆட்கள் போன நடைபவனியில் ஜனாஸா எரிப்பும் ஒரு கோரிக்கையாக இருந்தது, அதனால் எங்கள் ஆட்களும் வீதிக்கு இறங்கினார்கள். தமிழ் ஆட்கள் எங்கள் மையித்துக்காகக் கதைத்தது எனக்குச் சாகும்வரை மறக்காது. பிறகு ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்க விட்டார்கள், அங்கே 3,600க்கும் மேற்பட்டவர்கள் கிடக்கிறார்கள், அதில் முஸ்லிம்கள் மட்டுமல்ல, எல்லா மதத்தவரும் உண்டு.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நீங்கள் அந்த முஸ்லிம் அக்காவின் புத்தகத்தையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போங்கள். உங்கள் கிராமத்துப் பிரச்சினைக்கு உதவி கேட்டு மட்டும் போகாதீர்கள்.

வாவியோரம் எழுதியது:

நான் ஓய்வுபெற்ற ஆசிரியர், கல்லடிப் பக்கம். தம்பி காத்தநகர் சொன்னதோடு எனக்கு உடன்பாடு. ஒன்றைக் கூட்டிச் சொல்கிறேன்.

1990ஐக் கண்ணால் கண்டவன் நான். ஓகஸ்ட் 3 இரவு காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களைக் கொன்றார்கள், நூறுக்கும் மேல். அதே மாதத்தில் இரண்டு பக்கமும் கிராமம் கிராமமாக அழிந்தது. 15ஆம் திகதி புனித மிக்கேல் கல்லூரியின் கூடைப்பந்துப் பயிற்றுநர் யூஜின் ஹேபர்ட் அடிகளார் வாழைச்சேனையில் இருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியில் காணாமல் போனார், இன்றுவரை தகவல் இல்லை. அவரோடு இருந்த ஹரி மில்லர் அடிகளார், 1948இல் இங்கு வந்த அமெரிக்கர், சமாதானக் குழுவில் இருந்தார். அந்தக் குழு மேடை போட்டுக் கதைத்ததை விட எழுதியதுதான் அதிகம். பெயர், எந்த ஊர், எந்தத் திகதி, யார் கொண்டு போனது. கதவைத் தட்டி அழுதுகொண்டு வந்த தாய்மாரிடம் கேட்டுக் கேட்டு எழுதிய பட்டியல்.

நீங்களும் பட்டியல் எழுதுங்கள் மகள். எவ்வளவு எடுத்தது, எத்தனை வாரம், இதுவரை கட்டியது எவ்வளவு. 2018இல் இங்கு வந்த ஐ.நா. நிபுணர் சில கடன்களின் வட்டி வருடத்துக்கு 220 வீதம் வரை போவதாகச் சொன்னார். அந்த வருடமே அரசாங்கம் வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களை இரத்துச் செய்தது. ஆனால் மூன்று மாதம் கட்டாமல் நிலுவையில் இருந்தவர்களுக்குத்தான் அது. இன்னொரு இடத்தில் கடன் எடுத்து ஒழுங்காகக் கட்டியவளுக்கு ஒன்றுமில்லை. எங்கள் பெண்களில் எத்தனை பேர் அப்படி என்று பிரதேச செயலாளருக்குக் காட்ட அன்றைக்கு ஒருவர் கையிலும் கணக்கு இல்லை. மூன்று மதகுருமாரும் கையெழுத்து வைத்த பட்டியலைக் கொடுத்தால் அதை மேசையில் போட்டு வைக்க முடியாது.

ஏறாவூர்த் தாத்தா எழுதியது:

(தாத்தா என்றால் எங்கள் பக்கத்தில் மூத்த சகோதரி, இந்தியாவில் இருந்து வாசிப்பவர்கள் கிழவர் என்று நினைக்க வேண்டாம்.)

சேர் சொன்ன பட்டியல் நல்லது, ஆனால் பெயர் போட்டு எழுதி மதகுருமாரின் கையில் கொடுக்காதீர்கள். என் ராத்தா (அக்கா) மூன்று இடத்தில் கடன் எடுத்தது அவளுடைய புருஷனுக்கு இன்னும் தெரியாது. அவள் மௌலவிக்கு முன்னால் வாய் திறப்பாளா? ஐயருக்கு முன்னால் உங்கள் பெண்கள் திறப்பார்களா? முதலில் இதைச் சொல்லுங்கள், அந்தச் சர்வமதக் குழுவில் எத்தனை பெண்கள் இருக்கிறார்கள்? கடன் புத்தகம் முழுக்கப் பெண்களின் பெயர், கூட்டம் முழுக்க ஆண்கள். 2021இல் பொலன்னறுவைப் பக்கம் ஹிங்குராக்கொடையில் நுண்கடனுக்கு எதிராகச் சத்தியாக்கிரகம் இருந்தது பெண்கள், வெயிலில் நாட்கணக்காக. அவர்கள் எந்தத் தலைவருக்காகவும் காத்திருக்கவில்லை.

இரண்டு கிராமத்துப் பெண்களும் முதலில் தனியாகக் கூடுங்கள். கோயிலும் வேண்டாம், பள்ளிவாசலும் வேண்டாம், முன்பள்ளி மாதிரி ஒரு இடம். பிறகு மதகுருமாரிடம் பேச்சு கேட்காதீர்கள், ஆள் கேளுங்கள். எங்கள் ஒழுங்கையில் ஒருமுறை ஒருவன் இரவு ஏழு மணி தாண்டியும் வீட்டை விட்டுப் போகாமல் இருந்தான். யாரோ போய்ச் சொல்லி ஒரு அருட்சகோதரி வந்தார். ஒரு சொல் பேசவில்லை. கதிரையை இழுத்து அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து செபமாலையைக் கையில் எடுத்தார். பத்து நிமிடத்தில் அவன் எழும்பிப் போய்விட்டான். முஸ்லிம் வீடு அது.

வாவியோரம் எழுதியது:

தங்கச்சி சொல்வது சரி. பெயருக்குப் பதில் இலக்கம் போடலாம். பெண்கள் இல்லாத குழு என்பதை நான் யோசிக்கவே இல்லை, யோசித்திருக்க வேண்டும்.

ஆற்றங்கரை எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். முன்பள்ளியில் கூடினோம். முதல் நாள் ஆறு பேர், இரண்டாம் தடவை பத்தொன்பது. தமிழ்ப் பெண்கள் ஒரு பக்கம் முஸ்லிம் பெண்கள் ஒரு பக்கமாகத்தான் இருந்தார்கள், சின்னப் பிள்ளைகளின் கதிரைகளில். யார் முதலில் கதைப்பது என்று பார்த்துக்கொண்டே இருந்தோம். ஒரு உம்மா புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தார். பிறகு எல்லோரும் வைத்தார்கள். ஒருத்தியிடம் ஐந்து புத்தகம். முதல் கடனைக் கட்ட இரண்டாவது, இரண்டாவதைக் கட்ட மூன்றாவது என்று போயிருக்கிறது. அவள் அழுதபோது பக்கத்தில் வந்து முதுகைத் தடவியது அந்தப் பக்கத்து அக்காதான், சந்தையில் நான் கண்டவர்.

போதகரின் மனைவியும் ஐயரம்மாவும் செவ்வாய்க்கிழமை விறாந்தைக்கு வந்து இருக்கச் சம்மதித்தார்கள். இந்தக் கிழமை வந்தார்கள். அறவிடும் தம்பி அவர்களைக் கண்டதும் ஹெல்மெட்டைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்சம் மரியாதையாகக் கதைத்தார், கட்ட முடியாதவளிடம் பாதியை வாங்கிக்கொண்டு பதினொன்றரைக்குப் போய்விட்டார். அவர் மேலும் எனக்குக் கோபம் இல்லை, அவருக்கும் மேலிடத்தில் கணக்குக் கொடுக்க வேண்டும். பின்னேரம் முஸ்லிம் கிராமத்துக்கு யார் போய் இருப்பது என்றுதான் இன்னும் முடிவாகவில்லை, ஐயரம்மா தானே வருகிறேன் என்கிறார்.

மௌலவியிடம் ஸகாத் கேள்வியைக் கேட்டோம். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஒரு ஆளின் புத்தகத்தை முழுதாக மூட எவ்வளவு வேண்டும்?" என்று கேட்டார். எங்களுக்குப் பதில் தெரியவில்லை. ஒப்பந்தப் படிவம் சிங்களத்தில் இருக்கிறது, கையெழுத்து வைத்தவர்களுக்கே அதில் என்ன இருக்கிறது என்று தெரியாது. சிங்களம் வடிவாக வாசிக்கக்கூடிய, கணக்கும் தெரிந்த யாராவது மட்டக்களப்புப் பக்கம் இருந்தால் தனிமடல் போடுங்கள். அடுத்த கூட்டம் வெள்ளி பின்னேரம், ஜும்ஆ முடிந்த பிறகு.