புதுப்பிப்பு: எண்ணூர் மணலில் நின்றுபோன வண்டி

போன வாரம் கேட்டிருந்தேனே, இருபது நிமிடம் ஓடியதும் பெட்ரோல் தீர்ந்தது போல என் ஆஃப்ரோடு பைக் திணறி நிற்கிறது என்று? டேங்கில் பாதிக்கு மேல் இருந்தது. பலரும் கார்புரேட்டரைச் சொன்னீர்கள். அது சுத்தமாகத்தான் இருந்தது.

இந்த முறை நின்றவுடன் டேங்க் மூடியைத் திறந்தேன். ‘உஸ்’ஸென்று காற்று உள்ளே போனது, வண்டியும் உடனே ஸ்டார்ட் ஆனது. பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று வரவேண்டும். வராவிட்டால் வெற்றிடம் பெட்ரோலைப் பிடித்து நிறுத்திவிடும். மூடியின் காற்றுக் குழாயைக் கழற்றி வெளிமுனையில் ஊதினேன், காற்று உள்ளே போகவே இல்லை. காற்றை உள்ளே மட்டும் விட்டு, பெட்ரோலை வெளியே விடாத ஒருவழி வால்வு அதில் இருக்கிறது. அதற்குள் குண்டுமணி அளவுப் பந்து, உப்பும் மணலும் அப்பி ஒட்டிக்கிடந்தது. சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டினேன்.

நேற்று திருவொற்றியூரிலிருந்து முகத்துவாரம் வரை இரண்டு நடை. ஒரு திணறல்கூட இல்லை.

வால்வையே எடுத்துவிடச் சொன்னவர்களுக்கு: வேண்டாம். வண்டி சாய்ந்தால் பெட்ரோல் அந்தக் குழாய் வழியே சூடான இன்ஜின் மேல் கொட்டும்.