வெளிநாட்டு உதவியால் ஏழை நாடுகளுக்கு நிஜமாகவே பயன் உண்டா? ஹைட்டி பற்றிக் கேட்டதிலிருந்து குழப்பம்

பொன்னிவளவன்:
ஏழை நாடுகளுக்கு உதவ 1961-இல் தொடங்கிய யூஎஸ்எய்டு என்ற அரசு அமைப்பை அமெரிக்கா 2025 ஜூலையில் இழுத்து மூடிவிட்டது. ஆப்பிரிக்காவில் மருந்து கிடைக்காமல் ஜனங்கள் சாகப்போகிறார்கள் என்று ஒரு பக்கம் எழுதுகிறார்கள். இத்தனை வருஷமாகக் கொட்டிய பணத்தால் கரீபியன் கடலில் இருக்கிற ஏழை நாடான ஹைட்டி உருப்பட்டதா என்று இன்னொரு பக்கம். அமெரிக்க அரிசி வந்துதான் அங்கே விவசாயமே படுத்தது என்கிறார் ஒரு நண்பர். சும்மா அரிசி கொடுத்தால் ஏழ்மை எப்படிக் கூடும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். "எல்லாம் ஏமாற்று வேலை" ரகப் பதில் வேண்டாம்.

நெல்லுக்கட்டு:
உங்கள் நண்பர் சொன்னதில் பாதி சரி. 80-களின் நடுப்பகுதி வரை ஹைட்டிக்கு வேண்டிய அரிசியில் பெரும்பகுதி உள்ளூரிலேயே விளைந்தது, முக்கியமாக ஆர்ட்டிபோனிட் பள்ளத்தாக்கில். 1986-இல் சர்வாதிகாரி டுவாலியே ஆட்சி விழுந்தபின், கடன் வேண்டுமென்றால் சந்தையைத் திற என்று ஐ.எம்.எஃப். (பன்னாட்டு நாணய நிதியம்) நெருக்கியது, 1995-இல் அரிசிக்கான இறக்குமதி வரி 3 சதவீதத்துக்கு இறங்கியது. அந்தப் பக்கம் அரசு மானியத்தில் விளைந்த அமெரிக்காவின் ஆர்க்கன்சா மாநிலத்து அரிசி, இந்தப் பக்கம் வாய்க்கால் தூர்வாரக்கூடக் காசில்லாத ஹைட்டி விவசாயி. யார் ஜெயிப்பார்கள்? வந்திறங்கிய அரிசிக்கு "மயாமி அரிசி" என்று பெயரே நிலைத்துவிட்டது. 2010 மார்ச்சில் ஆர்க்கன்சாக்காரரான முன்னாள் அமெரிக்க அதிபர் கிளின்டனே செனட் குழு முன்னால் உட்கார்ந்து, என் ஊர் விவசாயிகள் சிலருக்கு அது நல்லதாக இருந்திருக்கலாம், ஆனால் அது தப்பு என்று ஒத்துக்கொண்டார்.

அரிசியைவிட எனக்குக் கோபம் வருவது பன்றி விஷயத்தில்தான். 80-களின் தொடக்கத்தில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வந்தது, அமெரிக்காவுக்குப் பரவிவிடும் என்ற பயத்தில் ஹைட்டியின் கறுப்பு நாட்டுப் பன்றிகளைக் கிட்டத்தட்ட மொத்தமாகக் கொன்று தீர்த்தார்கள். கண்டதைத் தின்று வளர்கிற அந்தப் பன்றிதான் அங்கே குடியானவனின் சேமிப்பு. பள்ளிக்கூடக் கட்டணமா, சாவுச் செலவா, ஒன்றைப் பிடித்து விற்பான். பதிலுக்கு அமெரிக்காவின் அயோவா பகுதியிலிருந்து வெள்ளைப் பன்றிகள் வந்தன. அதற்கு நல்ல தண்ணீர் வேண்டும், விலைக்கு வாங்கிய தீவனம் வேண்டும், கூரையும் சிமெண்டுத் தரையும் வேண்டும். வளர்க்கிறவன் வீட்டிலேயே அதெல்லாம் கிடையாது. யாரையும் கேட்காமல் செய்த உதவி இப்படித்தான் போகும்.

கணக்குப்பிள்ளை:
அண்ணே, வரியைக் குறைக்க வைத்தது உதவி இல்லை, வியாபாரம். ரெண்டையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். உதவியிலும் கோளாறு உண்டு, அது வேறு மாதிரி. அமெரிக்க உணவு உதவியில் பெரும்பகுதி தானியத்தை அவர்கள் ஊரிலேயே வாங்க வேண்டும், அதில் பாதியாவது அமெரிக்கக் கொடி ஏற்றிய கப்பலில்தான் போக வேண்டும், சட்டமே அப்படி. ஆக அவர்கள் விவசாயிக்கும் கப்பல்காரருக்கும் போகிற பணத்தையும் ஏழை நாட்டுக் கணக்கிலேயே எழுதிவிடுவார்கள். (நம்ம ஊர்ப் பள்ளிக்கூடங்களுக்கு ஒரு காலத்தில் அமெரிக்க கோதுமையும் பால்பவுடரும் வந்ததும் 1954-ஆம் வருஷத்து பி.எல்.480 என்ற அமெரிக்க உணவு உதவிச் சட்டத்தில்தான்.)

2010 நிலநடுக்கத்துக்கு அப்புறம் ஹைட்டி அதிபர் பிரேவாலே வாஷிங்டனுக்குப் போய், சோறு அனுப்புவதை நிறுத்திக்கொள்ளுங்கள், எங்கள் ஆட்களுக்கு வேலை வேண்டும் என்று கேட்டார். முதல் சில வாரம் சாப்பாடு வேண்டியதுதான், யார் இல்லையென்றார்கள்? அதற்கப்புறமும் மூட்டை மூட்டையாக இறங்கினால் அறுத்து வைத்திருப்பவன் யாரிடம் கொண்டுபோய் விற்பான்?

மலர்விழி:
ஹைட்டியை மட்டும் பிடித்துக்கொண்டு பேசினால் இந்த இழை ஒப்பாரியாகத்தான் முடியும்.

நரம்புச் சிலந்தியை எடுத்துக்கொள்ளுங்கள். குளத்துத் தண்ணீர் குடித்து ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்துக் காலைக் கிழித்துக்கொண்டு நூல் மாதிரி புழு வெளியே வரும், பழைய ஆட்களுக்குத் தெரிந்திருக்கும். 1986-இல் உலகம் முழுக்க சுமார் 35 லட்சம் பேருக்கு அது இருந்தது. 2024-இல் 15 பேர். இந்த நோய்க்கு மருந்தும் கிடையாது, தடுப்பூசியும் கிடையாது. தண்ணீரைத் துணியில் வடிகட்டியும், குளத்தில் மருந்து தெளித்தும், புழு வந்தவரைத் தண்ணீரில் இறங்கவிடாமல் பார்த்துக்கொண்டும் சாதித்தார்கள். வெளிப்பணமும் ஒருங்கிணைப்பும் பெரும்பாலும் முன்னாள் அமெரிக்க அதிபர் கார்ட்டர் தொடங்கிய கார்ட்டர் மையம் வழியாக, வேலை முழுக்க அந்தந்த ஊர்த் தன்னார்வலர்கள். 1995-இல் இதற்காகவே கார்ட்டர் சூடானில் இரண்டு தரப்பிடமும் பேசிப் போரைச் சில மாதம் நிறுத்த வைத்தார்! அறுவடை நேரத்தில் புழு வந்து படுத்துவிட்டால் அந்தக் குடும்பத்துக்கு அந்த வருஷக் கஞ்சி போச்சு, அதனால் எனக்கு இது வறுமை ஒழிப்புதான்.

யூஎஸ்எய்டு திட்டங்களில் 83 சதவீதத்தை ஆறே வாரத்தில் ரத்து செய்தார்கள். அந்த வேகத்தில் எது உருப்படியானது, எது வெட்டி என்று யார் பிரித்துப் பார்த்திருக்க முடியும்?

பொன்னிவளவன்:
பன்றி விஷயம் நான் கேள்விப்பட்டதே இல்லை. சரி, பொருளாகக் கொடுக்காமல் கையில் பணமாகவே கொடுத்துவிட்டால்? குடித்தே தீர்த்துவிட மாட்டார்களா? விலைவாசி ஏறாதா?

கணக்குப்பிள்ளை:
குடித்துத் தீர்ப்பான் என்பது இல்லாதவனைப் பற்றி இருக்கிறவன் எப்போதும் சொல்வது. கென்யாவில் சியாயா பகுதியில் கிவ்டைரக்ட்லி என்ற தொண்டு அமைப்பு 10,500 ஏழைக் குடும்பங்களுக்குத் தலா சுமார் 1,000 டாலரை செல்போன் வழியாக அனுப்பியது. மொத்தம் 653 கிராமம், சிலவற்றுக்குக் கொடுத்து சிலவற்றுக்குக் கொடுக்காமல் ஒப்பிட்டார்கள். போன ஒவ்வொரு டாலருக்கும் அந்த வட்டாரத்தில் சுமார் இரண்டரை டாலர் அளவுக்குப் பொருளாதாரம் வளர்ந்தது, விலைவாசி ஏறியது என்று சொல்லவே முடியாத அளவுக்குத்தான் ஏறியது. பணம் வாங்காத வீடுகளிலும் செலவழிக்கும் சக்தி கூடியிருந்தது, ஏனென்றால் வாங்கினவன் பக்கத்துக் கடையில்தானே செலவழிக்கிறான். ஆனால் ஒன்று, மலர்விழி சொன்ன புழுவை ஒழிக்கிற வேலை இதில் நடக்காது.

நெல்லுக்கட்டு:
கென்யாவில் கடை திறந்திருந்தது, அதனால் நடந்தது. ஆர்ட்டிபோனிட்டில் இப்போது ஆயுதக் கும்பல்கள் ரோட்டை மறித்து வசூல் பண்ணுகிறார்கள், 2024 அக்டோபரில் போன்-சோந்தே என்ற ஊரில் மட்டும் 70 பேருக்கு மேல் கொன்றார்கள், வயலைப் போட்டுவிட்டு ஓடின விவசாயிகள் ஏராளம். அங்கே செல்போனில் பணம் போட்டால் முதலில் அது யார் கைக்குப் போகும் என்று யாராவது யோசித்தீர்களா?