பி.ஏ. தமிழ் முதல் வாரம்: நன்னூலை எப்படிப் படிப்பது?

நாகலூர்க்காரி:
எல்லோருக்கும் வணக்கம். ஏற்காடு மலையில் நாகலூர் என் ஊர். பிளஸ் டூவில் அறிவியல் படித்தேன், ஆனால் ஆசைப்பட்டுத்தான் பி.ஏ. தமிழ் சேர்ந்தேன். சேலம் அஸ்தம்பட்டியில் அத்தை வீட்டில் தங்கிக் கல்லூரிக்குப் போகிறேன். முதல் வாரம் முடிந்தது.

சங்க இலக்கிய வகுப்பு ரொம்பப் பிடித்துவிட்டது. குறிஞ்சித் திணை நடத்திய அம்மா, "மலையிலிருந்து யாராவது வந்திருக்கிறீர்களா?" என்று கேட்டார். எழுந்து நின்றேன். தினைப்புனம் காப்பது பற்றித் தெரிந்ததைச் சொல்லச் சொன்னார். இப்போது எங்கள் பக்கம் காப்பியும், சில்வர் ஓக் மரத்தில் ஏற்றிய மிளகுக் கொடியும்தான். ஆனால் என் அம்மாயி சின்ன வயதில் சாமைக்கும் தினைக்கும் பரண் மேல் காவல் இருந்தவர். தகர டப்பா தட்டிக் கிளி ஓட்டியதையும், கதிர் முற்றும் சமயத்தில் வீட்டுக்கே வராமல் காட்டிலேயே சோறாக்கித் தின்றதையும் அவர் சொன்னபடியே சொன்னேன். பாட்டில் வருகிற தலைவி வேலை செய்கிற பெண் என்று அப்போதுதான் எனக்கே உறைத்தது.

நன்னூல் இலக்கண வகுப்பில்தான் திணறுகிறேன். ஐயா சூத்திரம் சொல்லி, உரை சொல்லி, அடுத்ததற்குப் போய்விடுகிறார். பக்கத்தில் இருக்கும் பெண் எல்லாவற்றையும் மனப்பாடமாக ஒப்பிக்கிறாள். 462 சூத்திரத்தையும் உருப்போட வேண்டுமா? துணைப்பாடம் தமிழக வரலாறு. அதில் ஒரே ஆண்டுகளாக வருகிறது. ஆங்கில வகுப்பு முழுக்க ஆங்கிலத்தில் நடக்கிறது, நான் தமிழ் வழியில் படித்தவள். படித்து முடித்த அக்கா, அண்ணன்கள் சொல்லுங்கள்.

ஆத்தூர் தமிழாசிரியை:
தங்கச்சி, முதலில் உங்கள் பாடத்திட்டத்தை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் நன்னூலின் எழுத்ததிகாரம் ஒரு பருவம், சொல்லதிகாரம் வேறொரு பருவம் என்றுதான் வைப்பார்கள். எல்லாம் ஒரே நேரத்தில் தலையில் ஏறாது.

நான் மாணவர்களுக்குச் சொல்வது, எடுத்துக்காட்டில் தொடங்கிச் சூத்திரத்துக்குப் போங்கள் என்பதுதான். பதவியலில் 'நடந்தனன்' வரும். நட என்பது பகுதி. அடுத்து வந்த த் சந்தி. அந்த த், ந் என்று திரிந்தது விகாரம். அதற்கு அடுத்த த் இறந்தகாலம் காட்டும் இடைநிலை. முதல் அன் சாரியை, கடைசி அன் ஆண்பால் விகுதி. ஆறு உறுப்பும் ஒரே சொல்லில் இருக்கிறது. இதைக் கையால் நாலு தடவை பிரித்து எழுதிய பிறகு, "பகுதி விகுதி இடைநிலை சாரியை" என்று தொடங்கும் சூத்திரத்தைப் படித்துப் பாருங்கள். நீங்கள் செய்த வேலையைத்தான் அது சொல்லும்.

மனப்பாடம் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். தேர்வில் சூத்திரம் எழுதித்தான் விளக்க வேண்டும். ஆனால் அது காதால் நிற்க வேண்டியது. பவணந்தியார் பாட்டாகத்தானே எழுதியிருக்கிறார்? சீர் பிரித்து, வாய்விட்டு, அத்தை வீட்டில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி படியுங்கள். கடையில் விற்கும் நோட்ஸை இப்போதே வாங்காதீர்கள். ஆறுமுக நாவலரின் காண்டிகையுரை போதும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் நன்னூலும் சங்க நூல்களும் இலவசமாகவே கிடைக்கும்.

தாரமங்கலம் வரலாறு:
வரலாற்றுப் பாடத்துக்கு நான் வருகிறேன். ஆண்டுகளைத் தனியாகப் படித்தால் யாருக்கும் நிற்காது. இலக்கிய வகுப்பில் படிக்கும் ஆட்களோடு சேர்த்துப் படியுங்கள்.

புறநானூற்று 91ஆம் பாட்டில், நெல்லிக்கனி கொடுத்த அதியமான் அஞ்சியை ஔவையார் பாடுகிறார். அவனுடைய தகடூர்தான் இன்றைய தருமபுரி. 1965 வரை அது நம் சேலம் மாவட்டத்தில் இருந்தது. திருக்கோவிலூர் பக்கம் ஜம்பையில் 1981இல் ஒரு தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு கிடைத்தது. அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த பாளி, அதாவது துறவிகள் தங்கும் குகை, என்று அதில் இருக்கிறது. அவன் பெயருக்கு முன்னால் 'ஸதியபுதோ' என்றும் இருக்கிறது. அசோகர் தன் கல்வெட்டில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு சேர்த்துச் சொல்லும் சத்தியபுத்திரர் யார் என்று ஆய்வாளர்கள் ரொம்ப நாள் விவாதித்தார்கள். அதற்கு ஜம்பைக் கல்லில் விடை இருந்தது. பாட்டு, கல்வெட்டு, அசோகர் மூன்றும் ஒரே இடத்தில் வந்து சேர்கிறதா? இனி 1981ஐ நீங்கள் மறக்கமாட்டீர்கள்.

குகை தறிக்காரர் மகன்:
நானும் தமிழ் வழிதான். ஆங்கிலப் பாடத்தை முந்தின நாள் ராத்திரியே ஒரு தடவை படித்துவிட்டுப் போங்கள். வகுப்பில் பாதி புரியும். புரியாததை வகுப்பு முடிந்ததும் ஆசிரியரிடமே தமிழில் கேளுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார். அப்புறம், தமிழ் படித்து என்ன செய்வாய் என்று சொந்தக்காரர்கள் கேட்டால், அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வில் 200 கேள்விக்கு 100 தமிழ்ப் பாடத்திலிருந்துதான் என்று சொல்லுங்கள்.

நாகலூர்க்காரி:
ரொம்ப நன்றி. அக்கா, உங்கள் பதிலைப் படித்துவிட்டு 'வந்தேன்' பிரித்துப் பார்த்தேன். பகுதி 'வா'தானே? சொல்லில் 'வ' என்றுதானே இருக்கிறது?

ஆத்தூர் தமிழாசிரியை:
பகுதி வா என்பது சரி. அது வ என்று குறுகியது விகாரம். அடுத்து வந்த த் சந்தி, அது ந் ஆனதும் விகாரம். அதற்கடுத்த த் இறந்தகால இடைநிலை. ஏன் தன்மை ஒருமை விகுதி. இதில் சாரியை இல்லை. ஆறும் எல்லாச் சொல்லிலும் வரவேண்டியதில்லை. 'தந்தேன்' இதே மாதிரிதான். அடுத்து 'கண்டேன்' பிரித்து இங்கே போடுங்கள், நாளை சாயங்காலம் பார்க்கிறேன். பகுதி 'கண்' இல்லை, அதை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.